சித்தப்பாவின் ஸ்டெம்செல் அப்பாவைக் குணமாக்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது, கூட்டுறவு வங்கியில் வேலை. முதுகுவலி என்று போனபோது மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். போர்ட்டிசோமிப் ஊசி, லெனாலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் மாத்திரைகள் என்று சில மாதம் கொடுத்துவிட்டு, அவருடைய ஸ்டெம்செல்லையே எடுத்து அவருக்கே செலுத்தினார்கள். நன்றாகத்தான் இருந்தார். லெனாலிடோமைட்டைத் தொடர்ந்து சாப்பிட்டும் 19 மாதத்தில் ரத்தத்தில் எம்-புரதம் (மைலோமா செல்கள் சுரக்கும் புரதம்) மறுபடி ஏறிவிட்டது. பெட் ஸ்கேனிலும் புது இடங்கள் தெரிகின்றன. தாராதுமுமாப் ஊசி ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். எங்கள் தெருவில் ஒருவர் ரத்தப் புற்றுநோய்க்கு அவருடைய அண்ணனின் மஜ்ஜையை வைத்துக்கொண்டு பல வருடமாக நலமாக இருக்கிறார். 49 வயதான என் சித்தப்பா, “நான் தர்றேன், உடனே ஏற்பாடு பண்ணுங்க” என்கிறார். சித்திக்குப் பயம். நிரந்தரமாகக் குணமாக்கும் வழி இருக்கும்போது டாக்டர் ஏன் அதைப் பற்றிப் பேசவே இல்லை? பணம் ஏதாவது காரணமா? அப்பாவுக்கு இப்போது இடது இடுப்பிலும் வலி. மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார்.
– ஒரு மகள், கும்பகோணம்

ரத்தநோய் மருத்துவரின் பதில்:

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலிருந்து தொடங்குகிறேன். மற்ற விஷயங்களுக்கு ஒரு வாரம் பொறுக்கலாம், இடுப்பு வலிக்குப் பொறுக்கக் கூடாது. மைலோமா எலும்பை உள்ளிருந்து அரிக்கும் நோய். தொடை எலும்பின் மேல்பகுதி அப்படி அரிக்கப்பட்டிருந்தால், கீழே விழக்கூட வேண்டாம், பஸ் படியில் காலை ஊன்றி ஏறும்போதே முறியலாம். நாளையே இடுப்புக்கும் இடது தொடை முழுவதற்கும் எக்ஸ்ரே எடுத்து, பெட் ஸ்கேன் படங்களோடு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பு பலவீனமாக இருந்தால் முறியும் முன்பே உள்ளே கம்பி வைத்துவிடுவார்கள், அல்லது அந்த இடத்துக்கு மட்டும் கதிர்வீச்சு கொடுப்பார்கள். அதுவரை கைத்தடி பிடித்து நடக்கட்டும். பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்வது, எண்ணெய் தேய்த்து நீவிவிடுவது இரண்டும் வேண்டாம்.

அப்புறம் அந்த மாத்திரை. அது டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், இப்யூப்ரோஃபென் வகையாக இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மைலோமா புரதம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைச் சில நாளிலேயே முடக்கிவிடக்கூடும். டயாலிசிஸ் வார்டில் இப்படி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பாராசிட்டமால் போடலாம். அதற்கு அடங்காவிட்டால் டிரமடால் போன்றதை உங்கள் டாக்டரே எழுதித் தருவார். கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், கால்சியம் இரண்டையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருவோம். தெருவில் நலமாக இருப்பவருக்கு வந்தது பெரும்பாலும் அக்யூட் லுகேமியாவாக இருக்கும். அந்த நோயில் பலருக்குக் கொடையாளரின் ஸ்டெம்செல்தான் முதன்மையான வழி, அதற்கான ஆதாரமும் வலுவானது. மைலோமாவும் மஜ்ஜையில்தான் உருவாகிறது, ஆனால் அதன் குணம் வேறு. ஒரு நோயில் கிடைத்த பலனை இன்னொன்றில் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே நடந்ததையும் சித்தப்பா சொல்வதையும் நாம் ‘ஸ்டெம்செல் மாற்று’ என்றே அழைக்கிறோம். அதனால் முதலாவது சாதாரணமானது, இரண்டாவது அதைவிட வீரியமானது என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் இரண்டும் வேறு வேறு சிகிச்சைகள். அப்பாவுக்கு நடந்ததில் வேலை செய்தது மெல்ஃபலான் என்ற மருந்து. அதை மஜ்ஜையே வற்றிப்போகும் அளவுக்குக் கொடுத்துவிட்டு, முன்கூட்டி எடுத்து உறைய வைத்திருந்த அவருடைய செல்களைத் திருப்பிக் கொடுத்து மஜ்ஜையை மீட்டார்கள். அந்தச் செல்கள் மைலோமாவை ஒன்றும் செய்வதில்லை. கொடையாளர் மாற்றில் செல்களே மருந்து. சித்தப்பாவின் எதிர்ப்புச் சக்தி முழுவதும் அப்பாவின் உடலில் குடியேறி, மிச்சமிருக்கும் மைலோமாவை அந்நியமாக அடையாளம் கண்டு அழிக்க வேண்டும். பல மாதம் கழித்துச் சிலருக்கு ரத்த வகைகூடக் கொடையாளரின் வகையாக மாறிவிடும், அவ்வளவு முழுமையான மாற்றம் அது.

வெளியூரிலிருந்து அழைத்து வந்த காவலாளிக்கு வீட்டு ஆட்களின் முகம் தெரியாது. திருடனை அடிக்கும் அதே கையால் வீட்டுக்காரரையும் அடிப்பான். கொடையாளரின் எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த டி-செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்குவதை ஜிவிஎச்டி என்கிறோம். முதல் சில மாதங்களில் வருவது உள்ளங்கையில் சிவந்த தடிப்பாகத் தொடங்கலாம், மஞ்சள் காமாலையாகலாம், ஒரு நாளைக்கு லிட்டர் கணக்கில் பேதியாகப் போகலாம். நாள்பட்ட வகை வேறு மாதிரி. எச்சில் வற்றி, ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடித்தால்தான் சோறு இறங்கும். ரசத்தின் காரம்கூட நாக்கில் தீயாக எரியும். கண்ணுக்கு ஓயாமல் சொட்டு மருந்து விட வேண்டியிருக்கும். தோல் இறுகிச் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போனவர்கள் உண்டு. நுரையீரல் சுருங்கினால் அது பெரும்பாலும் திரும்புவதில்லை. இதை அடக்கக் கொடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியையும் அடக்குவதால், பூஞ்சை, வைரஸ் தொற்றுகள் வரிசையாக வரும். எல்லோருக்கும் இவ்வளவும் வருவதில்லை. ஆனால் லேசாகக் கடந்துபோகிறவர்களின் கதைதான் தெருவில் சுற்றும், மற்றவர்களின் கதை வார்டோடு நின்றுவிடும்.

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் உங்கள் டாக்டரின் மௌனம் புரியும். 1990களில் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மைலோமா நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு முழு வீரியமுள்ள கொடையாளர் மாற்று செய்தார்கள். 36 பேரோடு அந்தப் பிரிவை மூட வேண்டியதாயிற்று. காரணம், முதல் ஆண்டிலேயே 53 சதவீதம் பேர் சிகிச்சையின் விளைவுகளால் இறந்துபோனார்கள். ஆனால் அதே பிரிவைத் தொடர்ந்து கவனித்தபோது, ஏழு ஆண்டு கழித்தும் மொத்தப் பிரிவில் 39 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், அதற்குமேல் வரைபடத்தில் உயிரோடிருப்பவர்களைக் காட்டும் கோடு சரியாமல் நேராகப் போனது. தன் செல்லையே பெற்றவர்களிலும் ஏழாம் ஆண்டில் ஏறக்குறைய அதே விகிதத்தினர்தான் இருந்தார்கள், ஆனால் அவர்களின் கோடு சரிந்துகொண்டே இருந்தது. இந்தச் சிகிச்சையை நாங்கள் முழுவதுமாகக் கைகழுவாமல் வைத்திருப்பதற்கும், எல்லோரிடமும் சொல்லாமல் இருப்பதற்கும் இந்த ஓர் ஆய்விலேயே காரணம் இருக்கிறது.

பிறகு, மாற்றுக்கு முன் கொடுக்கும் மருந்தின் வீரியத்தைக் குறைத்துச் செய்யத் தொடங்கினோம். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. உங்கள் அப்பாவின் நிலைக்கு மிக அருகில் வருவது 2012-இல் வெளியான இத்தாலிய ஆய்வு. தன் செல் மாற்றுக்குப் பிறகு நோய் திரும்பிய 169 பேரின் பதிவுகளை எடுத்து, பொருத்தமான கொடையாளர் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் கொடையாளர் உள்ள பிரிவில் 42 சதவீதம், இல்லாத பிரிவில் 18. இதோடு நிறுத்தினால் இன்றே வேலூருக்கு வண்டி பிடிக்கத் தோன்றும். அடுத்த வரியையும் படிக்க வேண்டும். நோயால் அல்லாமல் சிகிச்சையால் இறந்தவர்கள் கொடையாளர் பிரிவில் 22 சதவீதம், மற்றதில் 1 சதவீதம். கடைசியில் இரண்டு ஆண்டில் உயிரோடிருந்தவர்கள் கொடையாளர் பிரிவில் 54 சதவீதம், மற்றதில் 53. நோயைத் தள்ளிப்போட்டதில் கிடைத்த லாபத்தைச் சிகிச்சையே எடுத்துக்கொண்டது. கொடையாளர் இல்லாதவர்களுக்கு அப்போது கிடைத்த மருந்துகளும் இன்றைய மருந்துகள் அல்ல. இன்று அதே கணக்கைப் போட்டால் அந்த 53 கூடுதலாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து.

கிரானிக் மைலாய்டு லுகேமியா என்று இன்னொரு ரத்தப் புற்றுநோய் உண்டு. அதற்கும் ஒரு காலத்தில் கொடையாளர் மாற்றுதான் குணமாக்கும் வழி. 2001-இல் இமாட்டினிப் மாத்திரை வந்தபின், அந்த நோய்க்காக மாற்று செய்துகொள்கிறவர்கள் வெகு சிலராகிவிட்டார்கள். மைலோமாவில் ஒரே மாத்திரை அப்படிக் கதையை மாற்றவில்லை. ஆனால் பல மருந்துகள் சேர்ந்து மெல்ல மெல்ல அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

பணம் காரணமா என்று கேட்டீர்கள். மருத்துவமனைக் கணக்குப்படி பார்த்தால் கொடையாளர் மாற்றுதான் பெரிய பில். பணத்தை மட்டும் நினைக்கிற டாக்டர் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பார்! ஆனால் ஒன்று. சொல்லாமல் விட்டது சரியான முடிவாக இருந்தாலும், ஏன் சொல்லவில்லை என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்த முறை நேராகக் கேளுங்கள்.

இதுவரை படித்துவிட்டு நான் கதவைச் சாத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015-இல் பன்னாட்டு மைலோமா நிபுணர்களும் மாற்று சிகிச்சைச் சங்கங்களும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையில், தன் செல் மாற்று உள்ளிட்ட முதல் சிகிச்சைக்குப் பின் 24 மாதத்துக்குள் நோய் திரும்பியவர்களுக்கும் ஆபத்து மிகுந்த மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் கொடையாளர் மாற்றைப் பரிசீலிக்கலாம், அதையும் முடிந்தவரை ஓர் ஆய்வுத் திட்டத்துக்குள் செய்யலாம் என்று சொன்னார்கள். 19 மாதத்தில் திரும்பியிருப்பதால் உங்கள் அப்பா அந்த வாசலில் நிற்பவர்தான். ஆகவே என் பதில் ‘கூடாது’ அல்ல, ‘இப்போது அல்ல, முதலில் அல்ல’ என்பதே. இதற்கு மிக நேரான காரணம் ஒன்று இருக்கிறது. எம்-புரதம் ஏறி, ஸ்கேனில் புள்ளிகள் தெரிகிற நேரத்தில் கொடையாளர் செல்லைக் கொடுத்தால், அது வேரூன்றி வேலை தொடங்குவதற்குள் நோய் முந்திக்கொள்ளும். எப்படியிருந்தாலும் முதலில் மருந்தால் நோயைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்குள் நீங்கள் கையில் வாங்கி வைக்க வேண்டிய தாள் ஒன்று: ஃபிஷ் என்ற குரோமோசோம் பரிசோதனையின் முடிவு. நோய் தெரிந்த புதிதில் செய்திருப்பார்கள். நோய் திரும்பியபின் மஜ்ஜையில் மறுபடி பார்ப்பது நல்லது, ஏனென்றால் முதலில் இல்லாத மாற்றம் பின்னால் வரலாம். 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறதா, 4-க்கும் 14-க்கும் இடையே அல்லது 14-க்கும் 16-க்கும் இடையே இடமாற்றம் இருக்கிறதா, 1ஆம் குரோமோசோமில் கூடுதல் பிரதி இருக்கிறதா என்று அதில் எழுதியிருக்கும். இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தால் நம் பேச்சின் தொனியே மாறும். எதுவும் இல்லையென்றால் சித்தப்பா நிம்மதியாக அவர் வேலையைப் பார்க்கலாம்.

டாக்டர் சொன்ன தாராதுமுமாப் சரியான திசை. அப்பா லெனாலிடோமைட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நோய் ஏறியிருக்கிறது. அதாவது அந்த மருந்துக்கு நோய் பழகிவிட்டது. எனவே தாராதுமுமாபோடு மறுபடி லெனாலிடோமைட்டைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொமாலிடோமைட் அல்லது கார்ஃபில்சோமிப் சேர்ப்பதே பொருத்தம். கார்ஃபில்சோமிப் என்றால் முன்பே எக்கோ எடுத்து இதயத்தைப் பாருங்கள், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள். தாராதுமுமாப் செலவு தாங்காத குடும்பங்களுக்கு கார்ஃபில்சோமிப், பொமாலிடோமைட், டெக்ஸாமெத்தசோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கிறோம். பொமாலிடோமைட்டை நம் நாட்டு நிறுவனங்களே தயாரிப்பதால் அந்தச் சுமை கொஞ்சம் குறையும். முதல் மாற்றின்போது கூடுதல் செல்களை உறைய வைத்தார்களா என்று கேட்டு வையுங்கள். 19 மாதமே தாங்கியிருப்பதால் இரண்டாவது தன் செல் மாற்றில் பெரிய நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனாலும் அந்தப் பை இருந்தால் பின்னால் வேறு தேவைக்கு உதவும்.

கார்-டி சிகிச்சை பற்றியும் வாட்ஸப்பில் உங்களுக்கு ஏதாவது வந்திருக்கும். நோயாளியின் சொந்த டி-செல்லை எடுத்து, மைலோமாவைக் குறிவைக்கும்படி ஆய்வகத்தில் மாற்றித் திருப்பிக் கொடுப்பது அது. சொந்த செல் என்பதால் ஜிவிஎச்டி இல்லை. அமெரிக்காவில் மைலோமாவுக்கு 2021-லும் 2022-லும் இரண்டு தயாரிப்புகளுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றில் சில்டா-செல் என்பதை, பல மருந்துகளும் தோற்றுப்போன 97 பேருக்கு ஒரே ஒருமுறை கொடுத்ததில், 32 பேர் ஐந்து ஆண்டுக்கு மேலும் நோய் முன்னேறாமல் இருக்கிறார்கள். கொடையாளர் மாற்று இத்தனை காலம் காட்டிய ஆசையை அதைவிடக் குறைந்த உயிர்ச்சேதத்தில் தரக்கூடியது இதுதான் என்பதால், என் போன்றவர்களின் பார்வை இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இதற்கும் பக்கவிளைவுகள் உண்டு, அது தனிக்கதை. ஆனால் இந்தியாவில் 2023-இல் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி தயாரிப்பு இதுவல்ல. அது லிம்ஃபோமாவுக்கும் ஒருவகை லுகேமியாவுக்கும் உரியது, அது தேடிப்போகும் சிடி19 என்ற அடையாளத்தைப் பெரும்பாலான மைலோமா செல்கள் சுமப்பதில்லை. ஆகவே பெயரைப் பார்த்து ஓடாதீர்கள். மைலோமா செல்லின் பிசிஎம்ஏ என்ற அடையாளத்தைத் தேடிப்போகும் கார்-டி ஆய்வு எதிலாவது அப்பாவைச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

சித்திக்குத் தனியாகச் சில வார்த்தை. முதுகெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள், பிறகு நடக்கவே முடியாது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. முதுகெலும்பை யாரும் தொடுவதில்லை. ஜி-சிஎஸ்எஃப் என்ற ஊசியைத் தோலுக்கடியில் நான்கைந்து நாள் போடுவார்கள். இடுப்பும் முதுகும் விஷக்காய்ச்சல் வந்தமாதிரி வலிக்கும், பாராசிட்டமாலுக்கு அடங்கும். ஐந்தாம் நாள் வாக்கில் இரண்டு கையிலும் ஊசி ஏற்றி, ஒரு கையிலிருந்து ரத்தம் மெஷினுக்குள் போய், ஸ்டெம்செல் பிரிந்து, மறு கை வழியாகத் திரும்பி வரும். நான்கைந்து மணி நேரம் ஆகும். நடுவில் உதடு, விரல் நுனியெல்லாம் மரத்துப்போன மாதிரி குறுகுறுக்கும். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது, கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். சில நாளில் வேலைக்குப் போய்விடலாம். மண்ணீரல் கிழிவது போன்ற பெரிய ஆபத்து மிக மிக அரிது. சித்தப்பாவுக்குச் சர்க்கரையோ இதய நோயோ இருந்தால் மட்டும் கூடுதலாக யோசிப்போம். சித்தியின் பயத்தை யாரும் சுயநலம் என்று பேசிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கொடையாளரைத் தனியாகக் கூப்பிட்டு, குடும்பத்தார் இல்லாத அறையில் ‘உங்களுக்குச் சம்மதம்தானா’ என்று கேட்பது நல்ல மையங்களின் வழக்கம். அங்கே அவர் மறுத்தால் காரணத்தை யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

தவிர, சித்தப்பா தயாராக இருப்பதாலேயே அவர் பொருந்திவிட மாட்டார். உடன்பிறந்தவரின் எச்எல்ஏ (செல்கள் தன்னுடையதா, அந்நியமா என்று உடல் அறியும் அடையாளங்கள்) முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். ரத்த வகை வேறாக இருப்பது தடையல்ல. உங்கள் தாத்தா பாட்டி சொந்தத்தில் மணந்தவர்கள் என்றால் வாய்ப்பு சற்றுக் கூடும். நீங்கள் உங்களைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் பெற்ற பிள்ளை என்ற வகையில் நீங்களும் குறைந்தது பாதிப் பொருத்தம் உள்ளவர்தான். பாதிப் பொருத்தத்தோடும் இப்போது மாற்று செய்கிறோம். குடும்பத்தில் யாரும் ஒத்துவராவிட்டால் சென்னையில் உள்ள தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளில் தேடலாம். இந்தச் சோதனைகள் எதுவும் இந்த வாரம் தேவையில்லை. மூன்று நான்கு சுற்று மருந்துக்குப் பிறகு நோய் நன்றாக அடங்கி, ஃபிஷ் முடிவு மோசமாகவும் இருந்தால், அப்போது கொடையாளர் மாற்றில் நீண்ட அனுபவமுள்ள இடத்தில் ஒருமுறை கருத்துக் கேளுங்கள். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983 முதலும் வேலூர் சிஎம்சியில் 1986 முதலும் இது நடக்கிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ‘இதைச் செய்வீர்களா’ என்பதல்ல. ‘மைலோமாவுக்காக உங்களிடம் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் இரண்டு வருடம் கழித்து இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள்’ என்று கேளுங்கள். மருத்துவமனைச் செலவோடு, அருகிலேயே மூன்று மாதத்துக்கு மேல் வாடகை வீடு, கூடவே இருக்க ஒருவர், அவருடைய சம்பள இழப்பு என்று கணக்கு விரியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்றுக்கு இடம் உண்டு. எவ்வளவு அனுமதிப்பார்கள் என்பதை அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, தாராதுமுமாபின் முதல் ஊசிக்கு முன்பு மறக்கக் கூடாதது ஒன்று. அந்த மருந்து சிவப்பணுக்களிலும் ஒட்டிக்கொள்வதால், பின்னால் அப்பாவுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் கிராஸ்-மேட்ச் சோதனை குழப்பமான முடிவைக் காட்டும், எந்தப் பையும் சேராததுபோல் தோன்றும். எனவே ஊசிக்கு முன்பே ரத்த வங்கியில் அப்பாவின் ரத்த வகையையும் ஆன்டிபாடி சோதனையையும் விரிவாகச் செய்து, முடிவை ஓர் அட்டையில் எழுதி வாங்கி, அவருடைய சட்டைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் அதே நாளில் முடிந்துவிடட்டும். இடுப்பு எக்ஸ்ரே, கிரியாட்டினின், ஃபிஷ் மூன்றும் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.